மிஷேல் சாப்பிட வந்தான்

வெள்ளைக்காரன் வருவான் என்றுதான் சீதேவி கறியில் உறைப்பைக் குறைத்திருந்தாள்.

மகன் வினாயகமூர்த்தி பிரான்ஸ் படையின் வெளிநாட்டவர் பிரிவில் பதினைந்து வருடம் இருந்தவன். சாட், மாலி என்று யார் யாருடைய யுத்தத்துக்கோ போய்வந்து, அவற்றைப் பற்றித் தமிழில் இரண்டு புத்தகம் எழுதியவன். இரண்டாவதன் வெளியீடு காலையில் புளியந்தீவில் நடந்தது. அதற்குத்தான் தன்னோடு படையில் இருந்த மிஷேலையும் கூட்டி வந்திருந்தான்.

முதல் புத்தகத்தில் மிஷேல் வருகிற அத்தியாயத்தை மகள் பிரஷாந்தியிடம் வாசிக்கச் சொல்லிச் சொல்லி அது சீதேவிக்கு மனப்பாடம்.

மாலியில் ஒரு பாலைவனம். தொடையில் துப்பாக்கிச் சூடுபட்டுக் கிடக்கிற வினாயகமூர்த்தியை மிஷேல் தோளில் போட்டுக்கொண்டு வெயிலில் நடக்கிறான். விட்டுவிட்டு வா என்கிறார்கள். அவன் இறக்கவில்லை.

அதை முதலில் கேட்ட நாளிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் அம்மன் கோயிலில் அவன் பெயருக்கு அர்ச்சனை. அந்தப் பெயரை ஐயருக்கு நாலு தரம் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது.

இப்போது அவன் அவளுக்கு முன்னால் இருந்தான். கறுப்பாய், குள்ளமாய், வாவியில் வலை வீசுகிற ஆள் மாதிரி. படையில் சேர்கிறவர்களுக்கெல்லாம் அங்கே புதுப் பெயர் வைப்பார்கள் என்று மகன் சொன்னான்.

சோற்றைக் கையால் பிசைந்தான். நண்டுக் காலைப் பல்லால் உடைத்தான்.

“எண்ட புள்ளய உசிரோட தந்திருக்காய் மனெ,” என்றாள். பிறகு மகனிடம், “அவனுக்கு விளங்கப்படுத்து.”

“விளங்குது அம்மா,” என்றான் மிஷேல்.

அவள் திகைத்துப்போனாள். “தமிழ் எங்க படிச்ச?”

“இஞ்சதான். பாலத்தடி ஆமிக் காம்ப்பில ரெண்டு வருஷம் இருந்த.” அவன் நிமிரவில்லை. “நான் சிங்களம் அம்மா. குருநாகல்.”

புத்தகத்தில் இது இல்லை. வினாயகமூர்த்தி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பாலத்தடியில்தான் ஆமிக்காரர்கள் பஸ்ஸை மறித்து அவள் புருஷனை இறக்கினார்கள். பஸ் வந்து சேர்ந்தது. அவர் வரவில்லை.

எந்த வருஷம் அங்கே இருந்தாய் என்று கேட்க வாயெடுத்தாள்.

மகன் மடக்க முடியாத காலை நீட்டியபடி உட்கார்ந்திருந்தான். காலின் பெருவிரல் மெல்ல அசைந்துகொண்டிருந்தது. அதையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

சட்டியில் மிச்சமிருந்த பெரிய நண்டை எடுத்து மிஷேலின் பீங்கானில் வைத்தாள்.

“சாப்பிடு மனெ,” என்றாள். “ஆறப்போகுது.”