நாற்பத்தொன்றாம் நம்பர்

அவள் மடித்த காகிதத்தோடு உள்ளே நுழைந்ததும், ராஜினாமா கடிதம்தான் என்று முடிவுகட்டி சூப்பர்வைசர் பேனா மூடியைக் கழற்றிவிட்டார். அந்த ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவரோடு ஒத்துப்போகாதவர்கள் கடைசியில் இப்படித்தான் வந்து நிற்பார்கள்.

"குடுங்க. எங்க கையெழுத்து போடணும்?"

"கையெழுத்தெல்லாம் வேணாம் சார். படிச்சாப் போதும்."

காகிதத்தை விரித்து மேசையில் அறைந்தாள். டியூட்டி போடும் புரோகிராமின் ஒரு பக்கம் அது. நடுவில் ஒரு வரிக்குக் கீழே சிவப்புக் கோடு.

எட்டு மாதமாக ஒரு ஞாயிறு தப்பாமல் அவளுக்குத்தான் டியூட்டி. கேட்கப் போனால், "கம்ப்யூட்டர் போடுறதும்மா. அதுக்கு யாரு மாமன், யாரு மச்சான்?" என்பார். சொல்லிவிட்டு ஒரு மாதிரி சிரிப்பார். அந்தச் சிரிப்பில்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சரி, அந்தக் கம்ப்யூட்டரையே கேட்டுவிடுவோம் என்று வீம்புக்குத்தான் ஆரம்பித்தாள். உதாரணங்களை வைத்தே புரோகிராம் எழுதச் சொல்லித்தரும் ஒரு பக்கம் போனில் கிடைத்தது. விளக்கங்கள் மண்டையில் ஏறவில்லை. உதாரணங்கள் ஏறின. பஸ்ஸில் போகவர ஒவ்வொன்றையும் பிரித்து மேய்ந்தாள். எண்ணை மாற்றினால் என்ன ஆகும், ஒரு வரியைப் பிடுங்கினால் எங்கே உடையும் என்று நோண்டினாள். பன்னிரண்டாவது உதாரணம் வண்டி நிறுத்துமிடத்தின் கேட்: வந்தது ஆம்புலன்ஸ் என்றால், வரிசை பார்க்காமல் திற.

வீட்டுக்காரருக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. "ஊசி குத்துற கைக்கு இதெல்லாம் எதுக்கு? ஞாயித்துக்கிழம வேலைக்குப் போனா கொறஞ்சா போயிடுவ? வீட்ட நான் பாத்துக்க மாட்டேனா?"

அதில் குறை சொல்ல முடியாது. மற்ற நாளில் குடித்த டம்ளரைக்கூட நகர்த்தாத மனுஷன், ஞாயிறு மாலை அவள் திரும்பும்போது தலையணை உறை வரைக்கும் துவைத்துக் காயப்போட்டிருப்பார்.

நேற்று மதியம் பொதுக் கம்ப்யூட்டரில் டியூட்டி புரோகிராமைத் திறந்து வரிவரியாகப் படித்தாள். பாதியில் அந்த கேட் உதாரணம் அச்சு அசலாக நின்றது. பணியாளர் நம்பர் நாற்பத்தொன்று என்றால், வரிசை பார்க்காமல் ஞாயிறு டியூட்டி.

நாற்பத்தொன்று அவள்தான்.

"இது கம்ப்யூட்டர் போட்டதா சார்? நீங்க போட்டது. எம்மேல அப்படி என்ன வன்மம்? இத எங்க கொண்டுபோகணுமோ அங்க கொண்டுபோறேன்."

சூப்பர்வைசர் அந்த வரியைப் படித்தார். முகத்தில் ஒரு ஈரமும் இல்லை.

"ஆமா, நான்தான் போட்டேன். ஆனா நடிப்புக்கும் ஒரு அளவு வேணும்மா."

"யாரு நடிக்கிறா?"

அவர் இழுப்பறையைத் திறந்து ஒரு கடிதத்தை எடுத்து அவள் பக்கம் தள்ளினார். வீட்டில் நிம்மதி இல்லையாம். ஞாயிறுதோறும் டியூட்டி போட்டு உதவ வேண்டுமாம். இதைப் பற்றி நேரில் பேச வேண்டாமாம்; யார் எப்போது கேட்டாலும் கம்ப்யூட்டர் போட்டதாகவே சொல்ல வேண்டுமாம். கீழே அவள் கையெழுத்து.

"நீங்களே கேட்டு வாங்கிட்டு, வாராவாரம் நாலு பேர் முன்னாடி என்னையே வில்லனாக்குறீங்க. எனக்கு மட்டும் வயிறு எரியாதா?"

அவள் அந்தக் கையெழுத்தையே பார்த்தாள். சுழி, வால், கடைசிப் புள்ளி எல்லாம் அவளுடையதுதான். போட்டது மட்டும் அவள் இல்லை.

"சத்தியமா இது நான் எழுதல சார்." கடிதத்தை அவர் பக்கம் திருப்பித் தள்ளினாள். "யாரு கொண்டுவந்து குடுத்தா?"

எட்டு மாதத்தில் முதல் தடவையாக அவர் குரல் தணிந்தது.

"உங்க வீட்டுக்காரர்தாம்மா."