இன்னும் ஒரு மாசம்

லப்பைக்குடிக்காட்டு வீட்டில் கவுஸ் பெட்டிக்குள் சட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு துபாய் ஃப்ளைட். இன்னும் டிக்கெட் வரலையே?"

"இன்னும் ஒரு மாசம் இருந்துட்டுப் போங்களேன்," என்றாள் மனைவி ஹஃபீசா.

"வேலை போயிடும். மேனேஜர் பொல்லாத ஆளு."

"நீங்களே கேட்டுப் பாருங்க." எண்ணைப் போட்டு போனை நீட்டினாள்.

"சார், கவுஸ் பேசுறேன். வூட்டுல இன்னும் ஒரு மாசம் இருக்கச் சொல்றாங்க..."

"இருந்துட்டு வாங்க கவுஸ் பாய். உங்க வேலை எங்கயும் போயிடாது."

கவுஸின் முகம் மலர்ந்தது. ஹஃபீசா அவரை மெல்ல எழுப்பி, நடுங்கும் கைகளை வாக்கர்மேல் எடுத்து வைத்தாள். அவர் துபாய் வேலையை விட்டு வந்து பதினேழு வருஷம் ஆகிறது. பெட்டியை அவள் இப்போது காலி செய்வாள். நாளைக் காலையில் அவர் மறுபடி அடுக்குவார்.

போனைக் காதில் வைத்தாள். மேனேஜராகப் பேசிய மகன் இர்ஃபான் துபாயிலிருந்து கேட்டான்.

"அத்தா சாப்பிட்டாங்களாம்மா?"

"இனிமேதான். நீ எப்பப்பா வர்றே?"



"இந்த வருஷமும் மேனேஜர் எனக்கு லீவு குடுக்கலைம்மா."