திரையிலேயே தங்கிவிட்ட குரல்

“டாக்டர், முதல் வரிசையில கண்ணாடி போட்ட ஒரு அம்மா இருக்காங்க பாருங்க. இசைக் கல்லூரியிலிருந்து வந்திருக்காங்க. இன்னிக்குப் பாடுறவங்கள்ல ஒரே ஒரு பிள்ளையைத் தேர்ந்தெடுத்து, செலவே இல்லாம படிக்க வைப்பாங்களாம்!”

“அந்த ஒரு பிள்ளை யாருன்னு நீ முடிவே பண்ணிட்ட” என்று சிரித்தார் பல் டாக்டர்.

முடிவு பண்ணாமல் என்ன? அவருடைய கிளினிக்கில் உதவியாளராக இருக்கும் அவள், மகளின் பாட்டைப் பற்றிப் பேசாத நோயாளியே கிடையாது. வாயைப் பிளந்துகொண்டு நாற்காலியில் சாய்ந்திருப்பவர்கள் மறுத்தா பேச முடியும்? காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்று மனதுக்குள் நினைத்திருப்பார்கள். ஆனால் இந்தக் குஞ்சு நிஜமாகவே பாடும். கல்லூரி இடம் கிடைத்தால் பாட்டு. கிடைக்காவிட்டால், அந்தக் குடும்ப வரும்படிக்குக் குளியலறைப் பாட்டுத்தான்.

மணி அடித்தது. பள்ளிக்கூட இசை நாடகம் ஆரம்பித்தது.

கதை இதுதான். ஒரு சினிமா நாயகனும் நாயகியும் படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே திரையைக் கிழித்துக்கொண்டு நிஜ உலகத்துக்கு வந்துவிடுகிறார்கள். நாயகி, அவள் மகள். நாயகன், அதே வகுப்புப் பையன்.

திரைக்குப் பின்னால் இருந்தவரை, என்றோ தங்கள் குரலிலேயே பதிவு செய்து வைத்திருந்த பாட்டுக்கு இரண்டு பேரும் வாயசைத்தார்கள். இரண்டு குரலும் தேன்.

“நம்ம பொண்ணு குரல் கேட்டீங்களா?”

“கேட்டேன், கேட்டேன்.”

டர்ரென்று வெள்ளைத் துணி கிழிந்தது. நாயகன் குதித்து வந்து, ஒரு பஸ் நிறுத்தத்தில் நின்று, கையை விரித்துப் பாட ஆரம்பித்தான்.

பாதி வரியில் குரல் கரகரத்தது. கீழே விழுந்தது. தாவி மேலே போய்க் கீச்சென்று நின்றது.

அரங்கமே கொல்லென்று சிரித்தது. அவளும்தான். கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

“நல்ல காமெடி, டாக்டர்! பையன் முழிக்கிறதைப் பாருங்களேன், அப்படியே பேயறைஞ்ச மாதிரி!”

கிழிந்த துணி வழியாக அவள் மகள் ஓடி வந்தாள்.

“ஐயய்யோ! நம்ம குரல் திரைக்குள்ளேயே தங்கிடுச்சு போலிருக்கே! ஏங்க, இந்த உலகத்துல பின்னணி பாட ஆளே கிடையாதா?”

கைதட்டல் காதைப் பிளந்தது. மகள் மூச்சை இழுத்தாள். அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

மகள் வாயிலிருந்து வந்தது, தகரத்தை ரோட்டில் இழுத்துக்கொண்டு போகிற சத்தம்.

டாக்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். “பிரமாதம்மா! சினிமாக்காரங்க வெளிய வந்தா சொந்தக் குரல்லதானே பாடணும்? எப்படித்தான் யோசிச்சாங்களோ!”

அவளுக்கு இப்போது சிரிப்பு வரவில்லை. காமெடி எல்லாம் ஒரு பாட்டோடு முடிந்துவிடும், பிறகு ஒழுங்காகப் பாடுவாள் என்று காத்திருந்தாள். எங்கே? நாயகனும் நாயகியும் ஜோடி போட்டுக்கொண்டு கத்தினார்கள். மாதக்கணக்கில் வீட்டில் சாதகம் செய்த அந்தக் கடைசிப் பாட்டையும், ஒரு சுரம் கூட மிச்சம் வைக்காமல், அதே தகரக் குரலிலேயே பாடி முடித்தாள் மகள்.

கண்ணாடி அம்மாவும் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு மேடையேறி, நடுவில் காய்கறிக்காரியாக வந்து ஒரே ஒரு பாட்டுப் பாடிய பெண்ணுக்குக் கல்லூரி இடம் என்று அறிவித்தார்.

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. அவள் வரிந்து கட்டிக்கொண்டு மேடைக்குப் பின்னால் போனாள்.

“அம்மா, வேண்டாம்மா. வீட்டுக்குப் போயிடலாம்” என்று வழியிலேயே மறித்தாள் மகள்.

“நீ சும்மா இரு! போய்ப் பையை எடுத்துக்கிட்டு வாசல்ல நில்லு. உன்னை மாதிரி எல்லாத்துக்கும் தலையாட்டிக்கிட்டு இருக்க எனக்குத் தெரியாது.”

நாடகத்தை எழுதிய வாத்தியார் ஒரு பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தார். சற்றுத் தள்ளி, நாயகனை அவன் கூட்டாளிகள் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு, “கலக்கிட்டடா! எப்படிடா அப்படிக் கத்தின?” என்று கூத்தடித்துக்கொண்டிருந்தார்கள்.

“சார், உங்க கற்பனையை ஊரே பாராட்டுது. ரொம்ப சந்தோஷம்! நீங்க பேர் வாங்குறதுக்கு என் பொண்ணு படிப்புதான் கிடைச்சுதா? பாடத் தெரிஞ்ச பிள்ளையைக் கழுதை மாதிரி கத்த வெச்சிருக்கீங்களே, உங்களுக்கு மனசாட்சி இருக்கா?”

வாத்தியார் பதறி எழுந்தார்.

“மெதுவா பேசுங்கம்மா. அந்தப் பசங்க காதுல விழுந்துடப் போகுது.”

“விழட்டுமே! நான் ஏன் மெதுவா பேசணும்?”

கூட்டாளிகளின் தோளிலேறியிருந்த பையனை அவர் ஒரு தரம் பார்த்துவிட்டு, குரலைத் தணித்துக்கொண்டார்.

“அந்த வயசுப் பையனுக்குக் குரல் உடையுறது சகஜம்மா. இவனுக்கு மேடையிலேயே உடைஞ்சுடுச்சு. அரங்கமே அவனைப் பார்த்துச் சிரிச்சப்போ, நான் கையும் ஓடாம காலும் ஓடாம ஓரமா நின்னேன். நான் எழுதின நாடகத்துல ரெண்டு பேரும் கடைசி வரைக்கும் தேனாத்தான் பாடணும். அதுக்கப்புறம் நீங்க பார்த்தது எல்லாம், அவன் அழுதுடக் கூடாதுன்னு உங்க பொண்ணு பண்ணினது.”