பேட்டரி மறந்த பிரகாசம்

“இன்னிக்குமா?”

வேனிலிருந்து சைக்கிளை இறக்கிய கையோடு கஜபதி கத்தினார். மற்ற இருவரும் ஓடி வந்து எட்டிப் பார்த்தார்கள். பிரகாசத்தின் மலைச் சைக்கிளில், பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் பேட்டரி இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது.

“சார்ஜ்ல போட்டேன்... அப்படியே ஊட்ல வெச்சுட்டு வந்துட்டேன்” என்று பிரகாசம் தலையைச் சொறிந்தார்.

“பல்லு வெளக்க மறந்தியா? சோறு துன்ன மறந்தியா? இத்த மட்டும் வாராவாரம் மறந்துடு!”

ஆவடி, சேக்காடு, திருமுல்லைவாயில் என்று ஆளுக்கொரு பக்கம் குடியிருக்கும் நான்கு சிநேகிதர்கள். சனிக்கிழமை விடிந்ததும் சைக்கிள்களை வேனில் ஏற்றிக்கொண்டு திருத்தணிப் பக்கம் ஒரு குன்றுக்குப் போய்விடுவார்கள். ஞாயிறு ஆகாது, பிரகாசத்துக்குச் சர்ச். உள்ளூரிலேயே ஏறலாம் என்றால் ஆவடியில் மலைக்கு எங்கே போவது? இருப்பது மேம்பாலம்தான்.

நால்வரில் பிரகாசத்தின் சைக்கிளில் மட்டும்தான் எலக்ட்ரானிக் கியர். கேபிள் கிடையாது. கைப்பிடியில் பட்டனைத் தொட்டால் போதும், பின்னால் ‘ஸ்விக்’ என்று செயின் தானாகத் தாவி உட்காரும். பேட்டரி இல்லையென்றால் எந்தக் கியரில் நின்றதோ அதிலேயே நிற்கும். மேட்டைக் கண்டால் இறங்கித் தள்ள வேண்டியதுதான்.

“நானும் அந்த மாதிரி கியர் வாங்கலாம்னு பார்க்கிறேன். வாங்கலாமா, தண்டமா?” என்று கேட்டார் கூட்டத்துக்குப் புதுசான கிஷோர்.

“அதான் கண்ணால பார்க்கிறியே! கேபிள் அறுந்தா நான் ரோட்டோரமா குந்திகினு மாத்திப்பேன். இவன் இன்னா பண்ணுவான்? ஊட்டுக்கு போன் போட்டு பேட்டரி சௌக்கியமான்னு கேப்பான்!” என்றார் வீரராகவன்.

எல்லோரும் சிரித்தார்கள். பிரகாசமும் சேர்ந்து சிரித்தார். கிஷோரும் வீரராகவனும் மிதித்துக்கொண்டு மேலே போய்விட, பிரகாசமும் கஜபதியும் பின்னால் தள்ளத் தொடங்கினார்கள்.

பிரகாசத்தின் முதுகுப்பையில், சப்பாத்திச் சுருளுக்கு அடியில், தீப்பெட்டி அளவுக்கு அந்தப் பேட்டரி முழு சார்ஜோடு பத்திரமாக இருந்தது.

எல்லாம் கஜபதியின் காலால் வந்தது. அந்தக் கூட்டத்திலேயே வேகமான ஆள் அவர்தான். முதலில் உச்சிக்குப் போய், கொய்யாப்பழத்தைக் கடித்தபடி, “வந்துட்டீங்களா? நான் ஒரு தூக்கம் போட்டே எழுந்துட்டேன்” என்று மற்றவர்களை வரவேற்பார். எந்த மலையிலும் விழாத மனுஷன், பாத்ரூமில் வழுக்கி விழுந்து முழங்காலை உடைத்துக்கொண்டார்.

மாதக்கணக்கில் படுத்துக் கிடந்துவிட்டுத் திரும்பி வந்த முதல் சனிக்கிழமை, கடைசி ஆளாக சைக்கிளைத் தள்ளிக்கொண்டு உச்சிக்கு வந்தார். எல்லோரும் கைதட்டினார்கள். கஜபதியின் முகம் சுண்டிப்போனது.

“இந்தப் பரிதாபக் கைத்தட்டல்லாம் வேணாம். எனக்கோசரம் எவனாச்சும் மெதுவா ஓட்டினான்னு தெரிஞ்சுது, சைக்கிளை வித்துட்டு ஊட்லயே குந்திக்குவேன்.”

சொன்னால் செய்கிற ஆள். கஜபதியின் வாய் இல்லாத சனிக்கிழமை ஒரு சனிக்கிழமையா? அடுத்த வாரத்திலிருந்து பிரகாசத்தின் பேட்டரி ‘மறந்துபோக’ ஆரம்பித்தது.

ஆசை ஆசையாய் வாங்கிய கியர்! வாரநாட்களில் ஆவடி மேம்பாலத்தில் ஏறி இறங்கி, ‘ஸ்விக் ஸ்விக்’ என்று மாற்றிப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொள்வார்.

பாதி மேட்டில் கஜபதியின் தண்ணீர் பாட்டில் நழுவி உருண்டது. சைக்கிளைச் சாய்த்துவிட்டுத் தடதடவென்று இறங்கி ஓடினார். எடுத்துக்கொண்டு அதே வேகத்தில் மேலே வந்தார். வலியைக் காட்டிக்கொள்ளாமல் எப்படி ஓடுகிறான் பார் என்று பிரகாசத்துக்கு மனசு இளகிப்போனது.

“இன்னா மச்சான், இப்டி மூச்சு வாங்குது? கொஞ்சம் குந்தலாமா?” என்று கேட்டது கஜபதிதான்.

திரும்பும்போது சேக்காட்டில் கஜபதி வீட்டு வாசலில் வேன் நின்றது. கஜபதி குளிக்கப் போனார். அவர் மனைவி கஸ்தூரி பிரகாசத்துக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தார்.

“கால் வலி இப்ப எப்படிம்மா இருக்கு? இன்னும் தள்ளிகினுதான் வர்றான், பாவம்” என்று மெதுவாகக் கேட்டார் பிரகாசம்.

“கால் வலியா? டாக்டர் எப்பவோ சரியாப் போச்சுன்னுட்டாரே! தெனம் தண்ணி கேனைத் தூக்கிகினு மாடி ஏறுறாருண்ணே.”

“அப்புறம் ஏன்...”

கஸ்தூரி குளியலறைப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க. ‘பிரகாசம் பேட்டரிய மறந்துட்டு ஒண்டியா தள்ளிகினு வருவான், அவன உட்டுட்டு நான் எப்டி முன்னால போறது?’ன்னு, இவரு இன்னும் கால் வலின்னு நடிச்சிகினு கீறாரு.”

பிரகாசத்துக்கு மோர் புரையேறியது. கஸ்தூரி பதறிப்போய்த் தண்ணீரை நீட்டினார்.

“அடுத்த வாரமாச்சும் பேட்டரிய மறக்காம எடுத்துகினு போங்கண்ணே. அந்த மனுஷன் ஒரு தபா ஆசை தீர மலை ஏறட்டும்!”