மூச்சு இருபது

ஏழாம் படுக்கையைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டிருக்கிறார்கள். பதினொரு மணி வெயில் அந்தப் பச்சைத் துணியில் வடிந்து, உள்ளே நிற்கும் மூன்றாம் வருட நர்சிங் மாணவியின் வெள்ளைச் சீருடை மேல் பாசி படர்ந்தது போல விழுகிறது. படுக்கையில் கிடக்கும் பெரியவரின் முகத்தை மூடியாயிற்று. கால்மாட்டில் தொங்கும் சார்ட்டில், பத்து மணிக் கட்டத்தில், அவளுடைய குண்டுக் கையெழுத்து: நாடி எழுபத்தாறு, மூச்சு இருபது. நாடியைப் பிடித்துப் பார்த்தாள். மூச்சை எண்ணவில்லை. ஒரு முழு நிமிடம் ஒருவர் நெஞ்சையே பார்த்துக்கொண்டு நிற்க யாருக்கு நேரம் இருக்கிறது? இந்த வார்டில் முப்பது பேருக்கும் எப்போதும் மூச்சு இருபதுதான். வார்டு சிஸ்டர் சார்ட்டைப் பார்க்கிறாள், பிறகு அவளை.

“எண்ணினியா?”

மாணவி தலையைக் குனிகிறாள். சிஸ்டரும் மறுபடி கேட்கவில்லை. இதே இருபதை எழுதியெழுதிப் பட்டம் வாங்கியவள்தான் அவளும். பெரியவரின் மனைவி ஸ்டூலில் உட்கார்ந்து அவருடைய மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருக்கிறாள்.

“நீ போனப்புறம் மூச்சு முட்டுதுன்னாரும்மா. டாக்டரைக் கூப்பிடுன்னார். அந்தப் பொண்ணு இப்பத்தானே பாத்து எழுதிட்டுப் போச்சு, ஒண்ணுமில்ல, பேசாம படுங்கன்னு நான்தான் அதட்டிட்டேன்.” கண்ணாடியை மடித்து மடியில் வைக்கிறாள். “நீ பாத்தப்ப நல்லாத்தானே இருந்துச்சு?”

மாணவியின் மார்பில், நாடியும் மூச்சும் எண்ணவென்று தலைகீழாகக் குத்திய கடிகாரத்தில் வினாடி முள் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆமாம் என்று அவள் தலை ஆடுகிறது.