தோற்கப் பழகிய புரோகிராம்

தேர்வாளரின் குதிரை நேராக மூன்று கட்டம் நடந்தது.

தவறு அவருடையதல்ல. ஆய்வகத்து மவுஸ் அப்படி. நாம் விட்ட இடத்தில் விடாது, தனக்குப் பிடித்த இடத்தில் விடும்.

என் சதுரங்க புரோகிராம் ஆட்சேபிக்கவில்லை. சாவகாசமாக ஒரு சிப்பாயை நகர்த்திவிட்டு, அவர் முறைக்காகக் காத்திருந்தது.

"குதிரை ரயில் மாதிரி நேரா போகுது. உன் புரோகிராம் வேடிக்கை பாக்குது," என்றார் தேர்வாளர்.

நான் திரையைப் பார்த்தேன். வேறு எங்கே பார்ப்பது?

பக்கத்தில் நின்ற எங்கள் வழிகாட்டி ஆசிரியருக்கு வியர்த்துவிட்டது. மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் 'எதுவரைக்கும்'. நான்கு மாதமாக எங்கள் புராஜெக்ட் பற்றி அவர் கேட்ட ஒரே கேள்வி அது.

"ஜனவரியில இது என்னையே பதினெட்டு நகர்த்தல்ல மடக்கிடுச்சு சார்," என்றார் பாவம், தன் தோல்வியையே சாட்சிக்குக் கூப்பிட்டு.

உண்மைதான். ஜனவரியில் அது எட்டு நகர்த்தல் முன்னால் யோசித்தது. மார்ச்சில் நான்கு. போன மாதம் ஒன்று. மற்றவர்களின் புரோகிராம்கள் வாரா வாரம் புத்திசாலியாகிக்கொண்டிருந்தன. என்னுடையது மட்டும் படித்ததை ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டே வந்தது.

தப்பாக நகர்த்தினால் கத்தும் ஒலியை முதலில் எடுத்தேன். பிறகு குதிரைக்கான விதியை. போன ஞாயிறு, ஆடுபவரைத் தடுக்கும் மிச்ச விதிகளை.

"பழசு இருக்குமேடா, அதைப் போடு," என்று வழிகாட்டி என் காதருகே கெஞ்சினார். இந்த வாய்மொழித் தேர்வில் தேறாவிட்டால் எனக்குப் பட்டம் இல்லை. பட்டம் இல்லாவிட்டால் ஒன்றாம் தேதி சேரவேண்டிய வேலையும் இல்லை.

"இல்ல சார். அதே ஃபைல் மேலயே சேவ் பண்ணிட்டேன்."

நான்கு வருடம் கணினி படித்தவன் செய்யவே கூடாத தப்பு. முதல் வருடம், முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுவார்கள், பழையதைத் தனியாக எடுத்து வை என்று.

தேர்வாளர் பேனாவைத் திறந்து, மதிப்பெண் தாளில் என் எண்ணுக்கு நேரே கொண்டுபோனார். தொடங்கிய ஆட்டத்தைப் பாதியில் விட மனமில்லையோ என்னவோ, இடது கையால் ராணியை ஒரு கட்டம் தள்ளினார்.

செக்மேட்.

புரோகிராம் தோற்றால் திரை முழுக்கப் பெரிய எழுத்தில் ஒரு செய்தி வரும். வந்தது. எதையும் வாய்விட்டுப் படிக்கும் பழக்கம் அவருக்கு.

"ஜெயிச்சுட்டீங்கப்பா," என்று படித்தார்.

கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு அடுத்த வரிக்குப் போனபோது குரல் இறங்கியிருந்தது.

"பக்கத்துல உக்காந்திருக்கறது உங்க பையன்தான். பயப்படாதீங்க."