மூன்று ஆதாரங்கள்

"யார் சொன்னாலும் அப்படியே நம்பாதீங்க. இணையத்துல மூணு ஆதாரமாவது தேடிப் பாருங்க" என்று ஒன்பதாம் வகுப்புக்குச் செயல்திட்டம் கொடுத்தபோது, பிள்ளைகள் ஏதாவது வாட்ஸ்அப் வதந்தியை எடுத்து வருவார்கள் என்றுதான் சுகந்தி டீச்சர் நினைத்திருந்தார். நிவேதிதாவின் குழு எடுத்தது, கூடப் படிக்கும் சிவரஞ்சனி எல்லோரிடமும் சொல்லிவந்த ஒரு வரியை: 'எங்கப்பா கத்தார்ல வேலை பார்க்கிறாரு.'

அவர்கள் அதை வகுப்பில் விளக்கிய நாளில், திரையில் முதலில் பழைய நாளிதழ்ச் செய்தி ஒன்று வந்தது. மனைவியைக் கொன்ற கணவர் கைது. அடுத்தது அதே செய்தி, இன்னொரு பத்திரிகையில். மூன்றாவது, ஆயுள் தண்டனை கொடுத்த நீதிமன்றத் தீர்ப்பு.

டீச்சர் அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் பெயர், ஊர், தேதி எல்லாவற்றையும் பிள்ளைகள் அத்தனை நேர்த்தியாக ஒப்பிட்டிருந்தார்கள். அவர் கை மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தது.

"யாருக்காவது கேள்வி இருக்கா?" என்று, டீச்சர் சொல்லிக்கொடுத்திருந்தபடியே கேட்டாள் நிவேதிதா.

கடைசி பெஞ்சிலிருந்து சிவரஞ்சனி எழுந்தாள். அவள் அழவில்லை.

"மூணுலயும் ஒரே தப்பு இருக்கு மிஸ். அப்ப வீட்ல வேற யாரும் இல்லன்னு போட்டிருக்காங்க. நான் இருந்தேன்."